கியர் லீவரை வீட்டிலேயே மாற்றுவது: வெட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: பழைய மேனுவல் கார், கியர் லீவர் தொளதொளவென்று ஆடுகிறது, ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போக கை ரொம்ப தூரம் நகர வேண்டியிருக்கிறது, லீவரை வெட்டிக் குட்டையாக்கி மேலே கனமான நாப் (கையில் பிடிக்கும் உருண்டை) ஒன்றைப் போட்டால் சரியாகுமா, இதை வீட்டில் வைத்தே செய்யலாமா?

செய்யலாம். ஆனால் இதில் இரண்டு வேறு வேறு புகார்கள் சேர்ந்து கிடக்கின்றன. ஆட்டம் என்பது தேய்மானம். தூரம் என்பது காரை வடிவமைத்தவர்கள் யோசித்து வைத்த அளவு. ஆட்டத்தைச் சரி செய்யாமல் லீவரை வெட்டினால் கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது குட்டையாக ஆடும் லீவர். ஆட்டத்தை முதலில் எடுத்துவிட்டால், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வெட்டும் ஆசையே போய்விடும் என்பது என் கணிப்பு, ஏனென்றால் கை வீணாக நகரும் தூரமும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது.

உங்கள் கார் எந்த வகை என்று முதலில் பாருங்கள். பின் சக்கரம் இழுக்கும் காரில் எஞ்சினுக்குப் பின்னால் நீளவாக்கில் கியர் பாக்ஸ் இருக்கும், லீவர் நேராக அதன் தலைக்குள்ளேயே இறங்கும், அல்லது ஒரு சின்ன ராடு வழியாகப் போகும். முன் சக்கரம் இழுக்கும் பெரும்பாலான கார்களில் கியர் பாக்ஸ் எஞ்சினோடு குறுக்காக முன்னால் உட்கார்ந்திருக்கும், லீவரோ உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில், நடுவில் இரண்டு கேபிள்கள். ஒன்று இடம் வலமாக நகர்த்தும்போது எந்த ஜோடி கியர் என்பதைத் தேர்ந்தெடுக்கும், இன்னொன்று முன்னும் பின்னும் தள்ளும்போது அந்தக் கியரைப் போடும். பழைய முன் சக்கர கார்கள் சிலவற்றில் கேபிளுக்குப் பதில் ராடுகளும் மூட்டுகளும் இருக்கும், அங்கே ஒவ்வொரு மூட்டின் சின்ன ஆட்டமும் கூடிக் கூடி நாபுக்கு வரும்போது பெரிதாகத் தெரியும்.

ஸ்பேனர் எடுப்பதற்கு முன் ஒரு பத்து நிமிடம் சோதனைக்கு ஒதுக்குங்கள். எஞ்சினை அணைத்து, கிளட்ச் மிதித்து எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதே மாதிரி. அணைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழும் முதல் கியரும் ரிவர்ஸும், ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் அல்லது கரகரத்தால், கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை என்று அர்த்தம். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் உள்ளே காற்றோ பழைய திரவமோ, கேபிள் கிளட்ச் என்றால் ஃப்ரீ பிளே (பெடல் சும்மா இறங்கும் தூரம்) கூடிப்போயிருக்கும், அல்லது கிளட்சே முடிந்திருக்கும். உலகத்திலேயே நல்ல ஷிஃப்டரைக் (லீவர் அமைப்பை) கொண்டுவந்து வைத்தாலும் இது தீராது. காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் இரண்டாவது கியர் இறுகலாக இருந்து, சூடான பிறகு சரியாகிவிட்டால் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போது லீவர் தானாக முன்னும் பின்னும் துள்ளினால் எஞ்சினையோ கியர் பாக்ஸையோ தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் போயிருக்கிறது. ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகங்களைச் சமமாக்கும் வளையம்) தேய்ந்திருக்கலாம், அது கியர் பெட்டியையே பிரிக்கும் வேலை, லீவரோடு சம்பந்தமில்லை.

இதெல்லாம் இல்லை, வெறும் ஆட்டம்தான் என்றால் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, யாரையாவது உள்ளே உட்காரவைத்து, எஞ்சின் அணைந்த நிலையில் லீவரை மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் முனையைப் பாருங்கள் (பேட்டரி தட்டுக்கோ ஏர் ஃபில்டர் பெட்டிக்கோ அடியில் ஒளிந்திருக்கும்). உள்ளே லீவர் நகர்ந்தும் இங்கே கேபிள் மாட்டியிருக்கும் நெம்பு கை நகராமல் முதலில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், அந்தச் சும்மா இருக்கும் தூரம்தான் உங்கள் ஆட்டம். அது கேபிள் முனையில் உள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ்ஷில் (மூட்டுக்குள் வைக்கும் வளையத்தில்) இருக்கலாம், கேபிளின் வெளி உறையைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டில் இருக்கலாம், அல்லது உள்ளே லீவரின் அடிப்பந்து உட்காரும் கிண்ணத்தில் இருக்கலாம். லீவர் முழு அடித்தட்டோடு சேர்ந்து அசைகிறதா என்றும் பாருங்கள். அந்தத் தட்டுக்குக் கீழே நான்கு மூலையிலும் ரப்பர் வைத்திருப்பார்கள், வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அது நொந்துபோயிருக்கும்.

வேலை உண்மையில் இந்த புஷ்களில்தான் இருக்கிறது. கம்பெனி ரப்பர் வைப்பதற்குக் காரணம் அதிர்வும் கியர் பாக்ஸின் இரைச்சலும் கேபினுக்குள் வராமல் தடுப்பது. அதை எடுத்துவிட்டு பாலியூரித்தேன் போட்டால் லீவர் நன்றாக இறுகும், சத்தம் கொஞ்சம்தான் கூடும். அசிட்டால் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் அல்லது நைலானில் கடைந்த புஷ் இன்னும் கெட்டி. பித்தளை, அலுமினியம் போட்டால் ஆட்டமே இருக்காது, ஆனால் எஞ்சின் என்ன நினைக்கிறது என்பது முழுக்க உங்கள் உள்ளங்கைக்குத் தெரிய ஆரம்பிக்கும். தினமும் ஓட்டும் காருக்கு என் சிபாரிசு: அடித்தட்டுக்குக் கெட்டியான புஷ், கேபிள் முனைக்கு பாலியூரித்தேன் அல்லது புத்தம்புது கம்பெனி புஷ். இரண்டு இடத்திலும் உலோகம் போடுவது பந்தயக் காருக்கு.

பாலியூரித்தேனைக் கிரீஸ் இல்லாமல் வெறுமனே போட்டால் கிறீச் கிறீச்சென்று கத்தும். சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். கையில் இருக்கும் சாதாரண பேரிங் கிரீஸை ரப்பர் பாகங்களில் அப்பினால் பல வகை ரப்பர் ஊதிக் குழைந்துவிடும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் புஷ்ஷும் நாபும் தாங்களே செய்து போடுகிறார்கள், நல்ல யோசனைதான். ஆனால் பிஎல்ஏ என்ற சாதாரண அச்சு பிளாஸ்டிக் வேண்டாம். அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும், வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் கன்சோலின் (லீவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின்) மேல்பகுதி அந்தச் சூட்டைத் தொடும், எஞ்சின் பக்கம் கேட்கவே வேண்டாம். ஏபிஎஸ், ஏஎஸ்ஏ, நைலான் மாதிரி சூடு தாங்கும் பொருளில் செய்யுங்கள்.

கேபிள் முனையைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். பந்தின் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் கண்ணை ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் உடைந்துவிடும், பல கார்களில் அந்தக் கண் தனியாகக் கிடைக்காது, முழு கேபிள் வாங்கச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் சமமாக நெம்புங்கள், பூட்டுக் கிளிப் இருந்தால் முதலில் அதை எடுங்கள்.

பின் சக்கர காரில், லீவர் நேராகப் பெட்டிக்குள் இறங்கும் வகையில், லீவரின் அடிமுனையில் ஒரு சின்ன நைலான் தொப்பி இருக்கும், பந்துக்கு மேலே ஒரு அலை வாஷரோ ஸ்பிரிங்கோ இருக்கும். இவை தேய்ந்துதான் லீவர் கஞ்சிக்குள் விட்ட கரண்டி மாதிரி சுற்றுகிறது. இந்த இரண்டையும் அடி ரப்பர் உறையையும் மாற்றினாலே கார் வேறு மாதிரி ஆகிவிடும். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சிலவற்றில் லீவர் உட்காரும் கோபுரத்துக்குள் தனியாகக் கொஞ்சம் ஆயில் இருக்கும், அதன் உறை கிழிந்தால் ஆயில் போய், சூடும் சத்தமும் கேபினுக்குள் ஏறும். அங்கே கை வைத்தவுடன் அந்த ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை. நிறையப் பேர் கியர் பாக்ஸ் ஆயிலை காரின் ஆயுளுக்கும் மாற்றியதே இல்லை. கியர் விழும் உணர்வை மாற்ற, பிரிக்காமல் கொள்ளாமல் செய்யக்கூடிய பெரிய வேலை இதுதான். கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள். 75டபிள்யூ-90 என்று ஒரே தடிமன் எழுதியிருந்தாலும் கியர் ஆயிலின் தர வகைகளில் ஜிஎல்-4 வேறு, ஜிஎல்-5 வேறு. ஜிஎல்-5இல் அதிக அழுத்தத்துக்கான சேர்மானம் கூடுதல். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் அதை ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும், சில கலவைகள் பித்தளையை அரிக்கவும் செய்யும். சில பெட்டிகள் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஏடிஎஃப் திரவத்தையே கேட்கும், டிரெமெக் டி-56 என்ற கியர் பெட்டி அப்படித்தான், அதில் கெட்டி ஆயில் ஊற்றினால் குளிரில் லீவர் நகராது. ஆயில் மாற்றும்போது எப்போதும் நிரப்பும் மூடியை முதலில் கழற்றிப் பாருங்கள். கீழே வடித்துவிட்டு மேல் மூடி துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் கார் அங்கேயே நிற்கும்.

சரி, நாபுக்கு வருவோம். கனமான நாப் நிஜமாகவே வேலை செய்கிறது. நீங்கள் தள்ள ஆரம்பித்ததும் அந்தக் கனம் தானே கொஞ்சம் உந்தத்தை வைத்துக்கொண்டு, சிங்க்ரோ தடுக்கும் அந்தச் சின்ன மேட்டைத் தாண்டிப் போகிறது, கைக்கு வழவழவென்று தோன்றும். ஆனால் ஆட்டத்தை அது போக்காது, மறைக்கத்தான் செய்யும். உள்ளே கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்திருந்தால், குண்டு குழியில் கனமான நாப் ஆடி கியரே கழன்றுவிடவும் கூடும், அந்தக் காரில் லேசான நாபே நல்லது. வாங்கும் முன் மரையைப் பாருங்கள். ஹோண்டாவில் பெரும்பாலும் எம்10 (10 மி.மீ. விட்டம்), 1.5 பிட்ச் (மரைச் சுற்றுகளுக்கு இடையே 1.5 மி.மீ.). டொயோட்டாவில் எம்12, 1.25. வேறு பலவற்றில் எம்10, 1.25. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எம்10 இரண்டையும் மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும், பலம் போட்டுத் திருப்பினால் மரை போச்சு. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் மரையே கிடையாது, அழுத்திப் பூட்டும் வகை, அடாப்டர் தேவைப்படும். ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்க வேண்டிய லீவர் என்றால் அந்த வளையம் புது நாபோடு வேலை செய்யுமா என்று பார்க்காமல் வாங்காதீர்கள், ரிவர்ஸ் போட முடியாத கார் நிறுத்துமிடத்தில் பெரிய வேடிக்கையாகிவிடும். நாபைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம், கீழே ஒரு பூட்டு நட் போட்டு இறுக்குங்கள். வெயிலில் நிற்கும் காரில் பளபளக்கும் உலோக நாப் கையைச் சுடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாபில் கியர் வரிசைப் படம் டிரைவருக்குத் தெரிய வேண்டும் என்று சில நாடுகளில் விதியே இருக்கிறது, படம் இல்லாத வெற்று உருண்டை அங்கே ஆய்வில் மாட்டலாம்.

இனிதான் தூரத்தைக் குறைப்பது. இது வெறும் நெம்புகோல் கணக்கு. லீவர் ஊன்றும் பந்திலிருந்து நாப் வரை 240 மி.மீ., பந்திலிருந்து கீழே கேபிள் மாட்டும் முனை வரை 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 6க்கு 1. கேபிள் 12 மி.மீ. நகர வேண்டும் என்றால் கை 72 மி.மீ. நகர வேண்டும். மேலே 40 மி.மீ. வெட்டினால் 200க்கு 40, விகிதம் 5, கை 60 மி.மீ. நகர்ந்தால் போதும். மேலே வெட்டாமல் கீழ் முனையை 48 மி.மீ. ஆக நீட்டினாலும் அதே 5தான், அதே 60தான், கை மட்டும் பழைய உயரத்திலேயே இருக்கும். கடையில் விற்கும் ஷார்ட் ஷிஃப்டர் எல்லாம் இந்த இரண்டில் ஒன்று அல்லது இரண்டும் சேர்ந்தது. தூரம் ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்கு விலை, கை கொடுக்க வேண்டிய பலம் 20 சதவீதம் கூடுகிறது. இதில் ஏமாற்ற வழியே இல்லை.

வெட்டுவதற்கு முன் இலவசமாகச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. லீவரின் உறையைக் கீழே தள்ளிவிட்டு, நாபைப் பிடிக்காமல் அதற்கு 40 மி.மீ. கீழே கம்பியையே பிடித்து, நிற்கும் காரில் எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். வெட்டிய பிறகு எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அதே பலம், அதே தூரம், அதே உயரம். இரண்டாவது கியருக்கு இறக்கும்போது பிடிக்கவில்லை, தோள் முன்னால் சாய வேண்டியிருக்கிறது என்றால் அங்கேயே விட்டுவிடலாம். என் கருத்தில் பலருக்குத் தேவை லீவரைக் குட்டையாக்குவது அல்ல, நாபை ஸ்டீயரிங்குக்கு இன்னும் கிட்டே கொண்டுவருவது. அதற்கு வெட்டுவது நேர் எதிர் வேலை.

கேபிள் காரில் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, கியர் பாக்ஸ் பக்கம் உள்ள நெம்பு கையில் கேபிள் மாட்டும் புள்ளியை அச்சுக்குக் கிட்டே நகர்த்துவது. 60 மி.மீ. தள்ளி இருந்ததை 48க்குக் கொண்டுவந்தால் தூரம் 20 சதவீதம் குறையும். வீட்டில் துளை போட்டுச் செய்ய எளிதாகத் தோன்றுவதால் நிறையப் பேர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஆனால் இதில் ஒரு வித்தியாசம். லீவரில் மாற்றினால் கூடும் பலம் உங்கள் கையில் மட்டும்தான் கூடுகிறது, கேபிளுக்கு எதுவும் தெரியாது. கியர் பாக்ஸ் பக்கம் மாற்றினால் கேபிளே அதிகமாக இழுக்க வேண்டும், ஏற்கெனவே நெளியும் கேபிளும் பிராக்கெட்டும் இன்னும் நெளியும், விளைவு ரப்பர் போன்ற ஒரு மந்த உணர்வு. கேபிளின் கோணமும் மாறும், உராய ஆரம்பிக்கலாம். அந்த நெம்பு கையிலேயே சில கார்களில் ஒரு இரும்புக் கட்டி தொங்கும், எடை குறைக்கிறேன் என்று அதை அறுத்துப் போடுகிறார்கள். அது கனமான நாப் செய்யும் வேலையையே அந்த முனையில் செய்கிறது. எடுத்தால் ஒவ்வொரு கியரும் கல்லில் இடிப்பது போல விழும்.

தூரம் குறைந்ததால் கியர் பாக்ஸ் வேகமாகிவிடாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. கியர் விழும்போது சிங்க்ரோவின் பித்தளை வளையம் எதிரே உள்ள கூம்பின் மேல் உராய்ந்து இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது, சமமாகும் வரை உள்ளே நுழைய விடாது. அதற்கு ஒரு நேரம் வேண்டும். லீவரால் அதைக் குறைக்க ஒரே வழி இன்னும் அழுத்தித் தள்ளுவது, தேய்வதோ வளையம். அதனால் ஷார்ட் ஷிஃப்டர் போட்ட பிறகு கையை விரட்டாமல் அதே நிதானத்தில் ஓட்டுபவருக்குப் பெட்டி நீடிக்கும். தோற்றத்துக்கு ஏற்றபடி அடித்து ஓட்டினால் இரண்டாவது கியர்தான் முதலில் கரகரக்கும்.

வெட்டுவதே என்று முடிவு செய்துவிட்டால், லீவரைக் காரிலிருந்து கழற்றி வைஸில் பிடித்து வெட்டுங்கள். அது முழுக் கம்பியா குழாயா, நடுவில் ரப்பர் வைத்து இரண்டு துண்டாகச் செய்ததா, உள்ளே ரிவர்ஸ் கேபிள் ஓடுகிறதா என்பதைப் பார்த்த பிறகே ரம்பம். முழுக் கம்பி என்றால் வெட்டிய முனையைச் சாய்த்து ராவி, எண்ணெய் விட்டு, டையால் புது மரை போடலாம். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று போனால் மரை சுத்தமாக வரும். ஒரே தடவையில் ஆசைப்பட்டு வெட்டாதீர்கள், முதலில் 20 மி.மீ., ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மீதி.

வெல்டிங் மட்டும் வேண்டாம். கீழ் முனையை நீட்ட ஒரு துண்டை ஒட்டவைப்பதைத்தான் சொல்கிறேன். லீவரின் எஃகு எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியாது, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போகலாம், பிளாஸ்டிக் பந்தும் ரப்பரும் சூட்டில் போய்விடும், முலாம் பூசியிருந்தால் புகையும் விஷம். அது வீட்டு வாசலில் உடையாது, நடுச் சாலையில் முழு பலம் போட்டுத் தள்ளும்போதுதான் உடையும். கீழ் முனை நீளமாக வேண்டும் என்றால் அதற்கென்றே ஒரே துண்டில் கடைந்த லீவரை வாங்கிவிடுங்கள், அல்லது உங்கள் மாடலுக்குப் பொருந்தும் என்று தெரிந்த வேறு மாடலின் லீவரைத் தேடுங்கள்.

கன்சோலைப் பிரிக்கும்போது கவனிக்க வேண்டியது ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பல கார்களில் அது லீவருக்கு முன்னாலோ பின்னாலோ காரின் தரையில் நீளவாக்கில் ஓடும் அதே நடு மேட்டின் மேல்தான் போல்ட் போட்டு வைத்திருப்பார்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுவிட்டுத்தான் அங்கே கை வைக்க வேண்டும், அதன் பக்கத்தில் சுத்தியல் வேலை கூடாது. மேட்டில் துளை போட நேர்ந்தால் அடியில் எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் போகிறதா என்று கீழே குனிந்து பார்த்த பிறகு போடுங்கள். காருக்கு அடியில் போகும் வேலை என்றால் சக்கரத்துக்குக் கட்டை, ஸ்டாண்ட் இரண்டும் கட்டாயம். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகக் கூடாது, கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறோம் என்ற தைரியமும் இங்கே செல்லாது, கழற்றப் போவதே கியர் இணைப்பைத்தான்.

மாட்டும்போது மேலே தெரியும் ரெக்ஸின் உறையைவிட அடியில் இருக்கும் ரப்பர் உறைதான் முக்கியம். சைலன்சர் புகையும் மழைத் தண்ணீரும் உள்ளே வராமல் தடுப்பது அதுதான், கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கேபிள்களை நியூட்ரலில் வைத்து, லீவரையும் பெட்டியின் நெம்பு கையையும் அதற்கான பூட்டு ஊசியால் நிறுத்திவிட்டு, பிறகுதான் சரிசெய்யும் கிளிப்பை இறுக்க வேண்டும். ஊசி எங்கே போகும் என்பது காருக்குக் கார் மாறும், சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள்.

அப்புறம் எஞ்சின் அணைந்த நிலையில் ஒவ்வொரு கியராகப் போட்டு, விழுந்த பிறகும் லீவர் கன்சோலில் இடிக்காமல் இன்னும் கொஞ்சம் நகர இடம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். கியர் முழுசாக விழுவதற்கு முன்பே லீவர் பிளாஸ்டிக்கில் இடித்தாலோ, உறை பின்னுக்கு இழுத்தாலோ, பற்கள் பாதிதான் கோக்கும், பாரம் ஏறும்போது கழன்று விழும், நாளடைவில் பல் முனைகள் உருண்டுவிடும். கீழ் முனையை நீட்டியவர்கள் அடியிலும் பார்க்க வேண்டும், வெப்பத் தகட்டிலோ சுழலும் தண்டிலோ தட்டக் கூடாது. எல்லாம் சரி என்றால் இழுக்கும் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, எஞ்சினை ஓடவிட்டு முதல் கியரும் ரிவர்ஸும் உண்மையிலேயே முதலும் ரிவர்ஸும்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் ஒரு சுற்று. ஒரு வாரம் ஓட்டிய பிறகு அடித்தட்டின் போல்ட்டுகளையும் நாபின் பூட்டு நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், புது புஷ்கள் அழுந்தி உட்கார்ந்ததும் கொஞ்சம் தளர்வது வழக்கம். கழற்றிய பழைய லீவரையும் கேபிள் கிளிப்புகளையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள், பழைய காருக்கு அவை எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.